வீட்டு முற்றத்தில் பூக்கும் கிராப் அப்பிள்: ஒன்ராறியோவில் வளர்ப்பவர்களுக்கான கேள்வி பதில்

மே மாத நடுப்பகுதியில் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ப்டன் பக்கத் தெருக்களில் போனால், வீட்டு முன்றல்களில் இலை தெரியாத அளவுக்கு வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் பூத்து நிற்கும் மரங்களைக் காணலாம். அவற்றில் பல கிராப் அப்பிள். அந்த அழகில் மயங்கி அடுத்த சனிக்கிழமையே கடைக்குப் போய், அன்றைக்குப் பூத்து நிற்கும் கன்றாகப் பார்த்து வாங்கி வந்துவிடுகிறோம். பிறகுதான் கேள்விகள் வரத் தொடங்குகின்றன: இலை ஏன் கொட்டுகிறது, காய் ஏன் டிரைவே முழுவதும் நசிந்து கிடக்கிறது, போன வருடம் பூத்தது இந்த வருடம் ஏன் பூக்கவில்லை.

பூ இருப்பது ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். மற்ற நாளெல்லாம் நீங்கள் பார்க்கப்போவது இலையையும் காயையும் கிளை அமைப்பையும்தான். அதனால் கிராப் அப்பிளைப் பூவுக்காக விரும்புங்கள், ஆனால் இலைக்காகவும் காய்க்காகவும் தெரிவு செய்யுங்கள். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து நிற்கும்.

கிராப் அப்பிளும் நாங்கள் சாப்பிடும் அப்பிளும் ஒன்றா?

ஒரே பேரினம், மாலஸ். பழத்தின் அளவை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். பழம் குறுக்களவில் 5 சென்ரிமீற்றருக்கு உட்பட்டால் கிராப் அப்பிள், அதைத் தாண்டினால் அப்பிள். அலங்காரத்துக்கு வளர்க்கும் பல இனங்களில் பழம் ஒரு பெரிய பட்டாணி அளவு, சுமார் 1 சென்ரிமீற்றர்தான் இருக்கும். தென் ஒன்ராறியோவுக்கே உரிய காட்டு இனம் ஒன்றும் உண்டு. ஆனால் கடைகளில் விற்பவை பெரும்பாலும் ஜப்பான், சீனா, சைபீரியா பக்கத்து இனங்களிலிருந்து வந்த கலப்புகள்.

ஹை பார்க்கில் நாங்கள் போய்ப் பார்க்கும் சகுராவும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. ரொறன்ரோ ஹை பார்க்கின் சகுரா மரங்கள் செர்ரி வகை. 1959இல் டோக்கியோ மக்களின் அன்பளிப்பாக முதல் மரங்கள் அங்கே நடப்பட்டன. அவை ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ பூத்து முடிந்த பிறகுதான் கிராப் அப்பிளின் முறை வரும்.

கிட்டப்போய்ப் பார்த்தால் வித்தியாசம் சுலபமாகப் பிடிபடும். சகுரா இதழின் நுனியில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், கிராப் அப்பிள் இதழில் அது இராது. செர்ரிப் பட்டையில் கிடையாகக் கோடு கோடாக ஓடும், கிராப் அப்பிள் பட்டை செதிள் செதிளாக இருக்கும்.

வீட்டுக்கு எது நல்லது என்று கேட்டால், நான் தயங்காமல் கிராப் அப்பிள் என்பேன். களிமண்ணையும் கடுங்குளிரையும் செர்ரியை விட நன்றாகத் தாங்கும், ஆயுளும் கூட. செர்ரி பூத்து உதிர்ந்ததும் அந்த வருடத்து அழகு முடிந்தது. கிராப் அப்பிளுக்கு செப்டம்பரிலிருந்து பனிக்காலம் வரை காயின் நிறமும் இருக்கிறது.

குளிரைத் தாங்குமா?

தாங்கும். ரொறன்ரோவுக்கு மட்டுமல்ல, ஒட்டாவாவுக்கும், சில இனங்கள் வின்னிபெக், எட்மன்டன் வரைக்கும் சரிவரும். சொல்லப்போனால் குளிர் இல்லாவிட்டால்தான் பிரச்சினை. பனிக்காலத்தில் பல நூறு மணி நேரம் 7 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால்தான் மொட்டுகள் ஒழுங்காக விழிக்கும். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இது பூக்காது. ஊருக்குக் கன்று கொண்டுபோகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தாவரத் தடுப்புக்காப்புச் சட்டங்கள் ஒருபுறம் இருக்க, அங்கே அது வாடித்தான் நிற்கும்.

சரி, எந்த இனத்தை வாங்குவது?

கடைக்குப் போகும்முன் மூன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். இடம் எவ்வளவு? காய் வேண்டுமா, வேண்டாமா? ஆண்டுதோறும் மருந்து, துப்புரவு என்று மினக்கெட மனம் இருக்கிறதா? மூன்றாவதுக்கு எல்லோருடைய பதிலும் இல்லை என்பதுதான். அப்படியானால் நோய் எதிர்ப்பு உள்ள இனங்களை மட்டும் பாருங்கள். மரத்தில் தொங்கும் அட்டையில் இனப்பெயர் இருக்கும். வெறுமனே "இளஞ்சிவப்பு கிராப் அப்பிள்" என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள்.

நடுத்தர முற்றத்துக்கு, கடும் சிவப்புப் பூ விரும்புபவர்களுக்கு "பிரெய்ரிஃபயர்". இல்லினோய் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1982இல் வெளிவந்தது. துளிர் செந்நீலமாக வந்து பிறகு பச்சையாகும், பூ ஊதா கலந்த சிவப்பு, காய் கருஞ்சிவப்பு. உயரமும் அகலமும் ஏறத்தாழ 6 மீற்றர். நோய் எதிர்ப்பு நல்லது.

வெள்ளைப் பூ விரும்பினால் "டொனால்ட் வைமன்" அல்லது "சுகர் டைம்". இரண்டுக்கும் பளபளக்கும் சிவப்புக் காய், பனி கொட்டும்போதும் கிளையை விடாது. சுற்றிலும் வெண்பனி, நடுவில் சிவப்புக் காய் என்று ஜனவரியில் நிற்கும் இந்த மரங்களைப் பார்த்துவிட்டால், மே மாதப் பூவை விட இதுவே பெரிது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

ஒடுக்கமான இடத்துக்கு, அதாவது டவுன்ஹவுஸ் முன்றல், இரண்டு டிரைவேக்கு நடுவிலுள்ள துண்டு நிலம் போன்றவற்றுக்கு "அடிரொண்டாக்". அமெரிக்கத் தேசிய மரப்பூங்கா 1987இல் வெளியிட்டது. கிளைகள் பக்கவாட்டில் விரியாமல் மேல்நோக்கியே போகும், கிளை நுனியைக் கருக்கும் தீக்கருகல் நோயையும் நன்றாகத் தாங்கும். மிகச் சின்ன இடத்துக்கு "சார்ஜென்ட்" வகையின் குட்டையான "டினா". இது ஆளுயரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மூல இனமான சார்ஜென்ட் 2 முதல் 2.5 மீற்றர் உயரம், ஆனால் அதைவிட அகலமாகப் படரும். 1892இல் ஜப்பானிலிருந்து விதை கொண்டுவந்த சார்ள்ஸ் சார்ஜென்ட் என்ற தாவரவியலாளரின் பெயரே அதற்கு இடப்பட்டது.

கிளைகள் கீழே தாழும் மரம் வேண்டுமானால் "லூயிசா". அதே வடிவத்தில் "ரெட் ஜேட்" என்றும் ஒன்று விற்பார்கள். பார்வைக்கு அழகு, ஆனால் இலையில் புள்ளி விழுத்தி உதிரவைக்கும் ஸ்காப் நோய்க்கு எளிதில் ஆளாகும்.

சமையலுக்குக் காய் வேண்டும் என்றால் "டொல்கோ". பூ வெள்ளை, காய் சுமார் 3 சென்ரிமீற்றர், குளிருக்கு இரும்பு மாதிரி. சைபீரியாவிலிருந்து குளிர் தாங்கும் தாவரங்களைத் தேடிக் கொண்டுவந்த தென் டகோட்டாவின் நீல்ஸ் ஹன்சன் வெளியிட்ட இனம். ஆனால் பெரிய மரமாகும், பின்வளவில்தான் நட வேண்டும்.

தவிர்க்க வேண்டிய இனங்கள் உண்டா?

உண்டு, அவைதான் பழைய குடியிருப்புகளில் அதிகம் நிற்கின்றன. "ஹோப்பா", "றோயல்ட்டி" போன்றவை ஒரு காலத்தில் எங்கும் நடப்பட்டவை. பூ அபாரம், ஆனால் ஈரமான வருடங்களில் ஆகஸ்ட் வருவதற்குள் பாதி இலையை இழந்துவிடும். "ஸ்பிரிங் ஸ்னோ" காயே காய்க்காத மலட்டு இனம் என்பதால் பலர் தேடி வாங்குகிறார்கள். அதற்கும் ஸ்காப் தொல்லை உண்டு. காய் விழவே கூடாது என்பது கட்டாயமானால் அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இங்கே ஒரு வரலாறும் சொல்ல வேண்டும். ஒட்டாவாவின் மத்திய பரிசோதனைப் பண்ணையில் 1920களில் இசபெல்லா பிரெஸ்டன் என்ற பெண்மணி, சைபீரிய வகையையும் சிவந்த இலையுள்ள மத்திய ஆசிய வகையையும் சேர்த்துக் கனடாவின் குளிருக்கென்றே செம்பூ கிராப் அப்பிள்களை உருவாக்கினார். அவற்றுக்குக் கனடாவின் ஏரிகளின் பெயர்களை வைத்தார். அந்தக் காலத்தில் குளிரைத் தாங்கினாலே போதும் என்று பார்த்தார்கள், இலை நோயை அவ்வளவு பார்க்கவில்லை. இன்று அவற்றைக் கடைகளில் காண்பது அரிது. ஆனால் இந்த நாட்டில் சிவப்பாகப் பூக்கும் கிராப் அப்பிளைப் பரப்பியதில் அவருடைய பங்கு பெரியது. எங்கேயாவது பழைய பூங்காவில் அவருடைய மரம் பூத்து நின்றால், நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

முற்றத்தில் எந்த இடத்தில் நடுவது?

நாளுக்குக் குறைந்தது 6 மணி நேர நேரடி வெயில். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். நிழலில் நட்டால் பூ குறையும், இலை காயாமல் நோய் கூடும். வீட்டின் வடக்குப் பக்கம் சரிவராது.

வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதை, கன்றின் இன்றைய அளவை வைத்து முடிவெடுக்காதீர்கள். 6 மீற்றர் அகலமாக வளரும் இனம் என்றால் சுவரிலிருந்து 3.5 அல்லது 4 மீற்றராவது விட வேண்டும். நடைபாதைக்கு நேர் மேலே கிளை வரும்படி நட்டால் பிறகு வருடாவருடம் வெட்ட வேண்டியிருக்கும்.

தெருவை ஒட்டிய புல்தரைத் துண்டு பல இடங்களில் உங்களுடையது அல்ல, நகரசபையுடையது. அங்கே நடுவதானால் முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும். இன்னொன்று, கிடங்கு வெட்டும்முன் "ஒன்ராறியோ வன் கோல்" சேவைக்கு அறிவியுங்கள். நிலத்தடியில் எரிவாயு, மின்சாரம், தொலைபேசிக் கம்பிகள் எங்கே போகின்றன என்று இலவசமாக வந்து அடையாளமிட்டுத் தருவார்கள். இது விருப்பத்துக்குச் செய்வதல்ல, சட்டம். ஒரு வாரத்துக்கு மேல் அவகாசம் வைத்துக் கேளுங்கள்.

தாழ்ந்து தண்ணீர் தேங்கும் மூலையை விட்டுவிடுங்கள். களிமண் பரவாயில்லை, தேக்கம் கூடாது.

எப்போது, எப்படி நடுவது?

நிலம் இளகிய பின் ஏப்ரல் கடைசி முதல் மே வரை, அல்லது செப்டம்பர் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை. கோடை நடுவிலும் நடலாம், ஆனால் தண்ணீர் விட்டே களைத்துப் போவீர்கள்.

கிடங்கு வேர்க்கட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலம் இருக்கட்டும், ஆழம் மட்டும் கட்டியின் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. இங்கே நடும் மரங்கள் நொந்துபோவதற்கு ஆழமாக நடுவது முக்கியமான காரணம். அடிமரம் வேராகப் பிரியும் இடத்தில் சற்று விரிந்திருக்கும். அந்த விரிவு மண்ணுக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். சில வேளை நேர்சரியிலேயே சாடிக்குள் அதை மண்ணால் மூடி வைத்திருப்பார்கள். விரலால் மேல்மண்ணைக் கிளறி அதைக் கண்டுபிடித்த பிறகே நடுங்கள்.

சாடிக்குள் வட்டமாகச் சுற்றியிருக்கும் வேர்களை வெட்டிவிடலாம், பயப்பட வேண்டாம். அவற்றை விட்டால் பிற்காலத்தில் மரத்தின் கழுத்தை நெரிக்கும். கம்பிக்கூடையோடும் சாக்கோடும் வந்த மரமானால், கிடங்கில் இறக்கிய பின் மேற்பாதிக் கம்பியையும் சாக்கையும் வெட்டி எடுங்கள். தோண்டிய அதே மண்ணைப் போட்டு மூடுங்கள். கிடங்குக்குள் மட்டும் நல்ல கொழுத்த மண்ணைப் போட்டால் வேர் வெளியே போக மனமில்லாமல் அங்கேயே சுற்றும்.

காற்று அதிகமான இடத்தில் மட்டும் முட்டுக்கம்பு கொடுங்கள். ஒரு வருடத்தில் எடுத்துவிட வேண்டும்.

தண்ணீர், பசளை எவ்வளவு?

முதல் இரண்டு கோடையிலும் வாரம் ஒருமுறை, மழை இல்லாவிட்டால், 20 லீற்றர் வாளியில் ஒன்றோ இரண்டோ மெதுவாக விடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது மேல்மண்ணை மட்டுமே நனைக்கும். இலையில் தண்ணீர் படாமல் அடியில் விடுங்கள். நவம்பரில் நிலம் உறையும் வரை விட வேண்டும்.

மரச்சீவலை 5 முதல் 8 சென்ரிமீற்றர் தடிப்பில் அகலமாகப் பரப்புங்கள், ஆனால் அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் விட்டு. மரத்தைச் சுற்றி மலை மாதிரிக் குவித்து வைத்திருப்பதைத் தெருவெல்லாம் காணலாம். அது பட்டையை அழுகவைக்கும், எலிக்கும் வீடாகும்.

பசளை பெரும்பாலும் தேவைப்படாது. புல்லுக்குப் போடும் நைதரசனே மரத்துக்கும் போய்ச் சேருகிறது. அது கூடினால் கொழுந்து மளமளவென்று வளர்ந்து தீக்கருகல் நோயை அழைக்கும்.

ஜூலையிலேயே இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது. மரம் சாகப்போகிறதா?

சாகாது. இது பெரும்பாலும் ஸ்காப் என்னும் பூஞ்சண நோய். முதலில் இலையில் ஒலிவ் பச்சை நிறத்தில் ஓரம் தெளிவில்லாத புள்ளிகள் வரும். பிறகு கறுத்து, இலை மஞ்சளாகி உதிரும். காயிலும் சொறி பிடித்தது போல வரும்.

இந்தப் பூஞ்சணம் பனிக்காலத்தைக் கழிப்பது போன வருடம் உதிர்ந்த இலைகளில். வசந்தத்தில் மழை பெய்யும்போது அங்கிருந்து வித்துகள் கிளம்பி இளந்துளிர்களில் இறங்குகின்றன. இலை பல மணி நேரம் ஈரமாக இருந்தால் போதும், தொற்றிவிடும். அப்புறம் அந்த இலையிலிருந்தே மற்ற இலைகளுக்கு மழைத்துளியோடு தெறிக்கும். நீங்கள் ஜூலையில் காணும் மஞ்சள், மே மாதத்தில் நடந்த தொற்றின் விளைவு. ஆகவே ஜூலையில் எதைத் தெளித்தாலும் பயனில்லை.

செய்யக்கூடியது, இலையுதிர்காலத்தில் விழுந்த இலைகளை ஒன்றும் விடாமல் வாரி நகரசபையின் காகிதப் பைகளில் வெளியே வைப்பது. வீட்டுக் குப்பைக் கிடங்கில் பூஞ்சணம் சாகும் அளவுக்குச் சூடு ஏறாது, அதனால் அங்கே போடாதீர்கள். பக்கத்து வீட்டிலும் நோயுள்ள மரம் இருந்தால் அவர்களோடும் கதைத்து இரண்டு வீட்டிலும் வாரினால்தான் முழுப்பயன். கிளைகளின் நடுவே காற்றோட்டம் இருக்கும்படி வெட்டிவிடுவதும் உதவும். இலை சீக்கிரம் காயும்.

ஒரு வருடம் இலை கொட்டுவதால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. வருடாவருடம் கொட்டினால் பலம் குறைந்து, பூவும் குறைந்து, குளிரில் கிளைகள் காயத் தொடங்கும். நோய் எதிர்ப்பு உள்ள இனம் என்றால் இந்தப் பாடு எதுவுமே இல்லை. அப்பிள் தோட்டக்காரர்களே ஸ்காபை எதிர்க்கும் அப்பிள்களை உருவாக்க ஜப்பானிய அலங்காரக் கிராப் அப்பிளான மாலஸ் புளோரிபண்டாவைத்தான் தேடிப் போனார்கள். அந்த எதிர்ப்பு மரபணு அங்கிருந்துதான் "லிபர்ட்டி", "பிரிமா" போன்ற சாப்பாட்டு அப்பிள்களுக்குள் வந்தது.

மருந்து தெளித்துவிட்டால் என்ன?

ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் அழகுக்காக வீட்டுத் தோட்டங்களில் பயன்படுத்தும் இரசாயனப் பூச்சிநாசினிகளுக்குத் தடை இருக்கிறது. சவர்க்காரக் கரைசல், கனிம எண்ணெய், கந்தகம் போன்ற அபாயம் குறைந்தவைதான் கடைகளில் கிடைக்கும். ஸ்காபுக்குக் கந்தகம் தெளிப்பதென்றால் மொட்டு பச்சை காட்டும் நேரத்திலிருந்து மழைக்கு மழை தெளிக்க வேண்டும். 6 மீற்றர் மரத்தில் ஏணி வைத்து அதைச் செய்ய யாருக்கு முடியும்? அந்த உழைப்பை இலை வாருவதில் போடுங்கள். அமெரிக்காவிலிருந்து மருந்து வாங்கி வந்து அடிப்பது சட்டவிரோதம், காய் சமைக்கும் வீட்டில் அது ஆபத்தும்கூட.

கிளை நுனி நெருப்பில் வாட்டியது போலக் கறுத்து வளைந்து நிற்கிறது. இது என்ன?

பெயரே தீக்கருகல். பூஞ்சணம் அல்ல, பக்டீரியா. பூக்கும் காலத்தில் சூடும் ஈரமும் சேர்ந்து வந்தால் தேனீ மூலமும் மழை மூலமும் பூவுக்குள் புகுந்து கிளை வழியே இறங்கும். நுனி கறுத்து கைத்தடியின் பிடி மாதிரி வளையும், காய்ந்த இலை உதிராமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். தாவர நோய் ஒன்றுக்கு பக்டீரியா காரணம் என்று முதன்முதலில் காட்டப்பட்டது இந்த நோயை வைத்துத்தான், 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் இல்லினோயில்.

ஸ்காபைப் போல இதைப் பொறுத்துப் பார்க்க முடியாது. இறங்கி அடிமரத்துக்கு வந்தால் மரமே போகலாம். மழையில்லாத காய்ந்த நாளில், கறுப்புத் தெரியும் இடத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் கீழே நோய் தொடாத பகுதியில் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்தரியை 70 சதவீத அற்ககோலில் துடைக்க வேண்டும். வெட்டியதை வளவில் போட்டு வைக்காதீர்கள், அன்றே அப்புறப்படுத்துங்கள். மழை நாளில் கத்தரியைத் தொடவே வேண்டாம்.

இலையில் செம்மஞ்சள் புள்ளிகள் வந்திருக்கின்றன. பயப்பட வேண்டுமா?

துரு நோய். இது அரை வாழ்க்கையை ஜூனிப்பர் அல்லது செஞ்சீடர் மரத்திலும் அரை வாழ்க்கையைக் கிராப் அப்பிளிலும் கழிக்கும். மே மாத மழையில் ஜூனிப்பரில் செம்மஞ்சள் நிறத்தில் ஜெலி போல ஏதோ தொங்குவதைக் கண்டிருந்தால் அதுதான். உங்கள் வீட்டில் ஜூனிப்பர் இருந்தால் அந்தக் கட்டிகளை வெட்டி எறியலாம். வித்துகள் வெகுதூரம் பறந்துவரும் என்பதால் முழுதாக நிற்பாட்ட முடியாது. மரத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை.

புழு, வண்டு?

மே தொடக்கத்தில் கிளைக் கவட்டில் வெள்ளை வலைக்கூடு தெரிந்தால் கூடாரப்புழு. விடியற்காலையில் புழுக்கள் கூட்டுக்குள் இருக்கும்போது தடியால் சுற்றி எடுத்துச் சவர்க்காரத் தண்ணீர் வாளியில் போடுங்கள். ஜூலையில் பச்சையும் செம்பும் பளபளக்கும் ஜப்பானிய வண்டு வரும். அதற்கும் அதே வாளி.

ஸ்பொஞ்சி அந்து 2020, 2021இல் ஒன்ராறியோவில் மரங்களை மொட்டையாக்கியது பலருக்கு நினைவிருக்கும். பனிக்காலத்தில் அடிமரத்திலும் வேலியிலும் ஒட்டியிருக்கும் பழுப்பு நிறப் பஞ்சு போன்ற முட்டைக் குவியல்களைச் சுரண்டி எடுப்பதே எளிய வழி.

எப்போது கிளை வெட்டலாம்?

பெப்ரவரி கடைசி முதல் மார்ச் வரை, மரம் உறக்கத்தில் இருக்கும்போது. இலை இல்லாததால் கிளை அமைப்பு தெளிவாகத் தெரியும், நோய்க்கிருமிகளும் அப்போது அடங்கியிருக்கும்.

காய்ந்தது, உடைந்தது, ஒன்றோடொன்று உரசுவது, மரத்தின் உள்ளே திரும்பி வளர்வது ஆகியவற்றை முதலில் எடுங்கள். கிளை அடியில் சற்றுத் தடித்த வளையம் ஒன்று இருக்கும். அதை விட்டு, அதற்கு வெளியே ஒட்ட வெட்ட வேண்டும். மேலிருந்து குதிரைமுடி வெட்டுவது போலத் தலையைச் சமப்படுத்தினால், அடுத்த வருடம் நேர்க்குத்தாகக் கம்பு கம்பாகக் கிளம்பும், அவற்றில் பூவும் இராது.

அடுத்த வருடப் பூமொட்டுகள் இந்தக் கோடையிலேயே உருவாகிவிடுகின்றன. அதனால் ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகு வெட்டுவது அடுத்த மே மாதத்துப் பூவை வெட்டுவதுதான்.

அடியிலிருந்து வேறு மாதிரி இலையோடு கிளைகள் வருகின்றன. விடலாமா?

விடக்கூடாது. கிராப் அப்பிள் ஒட்டுக்கன்று. கீழே இருக்கும் வேர்மரம் வேறு இனம், அதிலிருந்து வருபவைதான் அவை. விட்டால் சில வருடங்களில் நீங்கள் வாங்கிய மரத்தை மூடி மேலெழும். இளசாக இருக்கும்போதே மண்ணை விலக்கி, கிளம்பும் இடத்தில் பிடுங்கி எடுங்கள்.

காயின் விதை வேறு மரத்தின் மகரந்தம் கலந்து உண்டாவதால், அதைப் போட்டு முளைக்கவைத்தாலும் தாய் மரம் போல வராது.

மரம் நன்றாக இருக்கிறது, ஆனால் பூக்கவில்லை. ஏன்?

புதிதாக நட்டது என்றால் இரண்டு மூன்று வருடம் பொறுங்கள். பழைய மரமானால் வரிசையாகப் பாருங்கள்: பக்கத்து மேப்பிள் வளர்ந்து வெயிலை மறைத்துவிட்டதா? கோடையில் யாராவது வெட்டினார்களா? புல்லுக்கு நைதரசன் அதிகம் போகிறதா? முயல் கிளை நுனிகளைத் தின்றதா?

இவை எதுவும் இல்லையென்றால் அது இனத்தின் இயல்பாக இருக்கலாம். சில இனங்கள் ஒரு வருடம் அள்ளிச் சொரிந்து மறுவருடம் ஓய்வெடுக்கும்.

காயைச் சாப்பிடலாமா?

தாராளமாக. புளிப்பும் துவர்ப்பும் அதிகம் என்பதால் பச்சையாகத் தின்ன எல்லோருக்கும் பிடிக்காது. அப்பிளைப் போலவே விதைக்குள் சயனைட் உண்டாக்கும் பொருள் இருப்பதால் விதையை அரைக்கவோ கடிக்கவோ வேண்டாம். நடுக்காம்பையும் விதையையும் எடுத்துவிட்டுச் சமையுங்கள்.

ஜெலியை இறுகவைக்கும் பெக்டின் நிறைய இருப்பதால் இந்நாட்டவர்கள் ஜெலி செய்வார்கள், தனியாகப் பெக்டின் வாங்கிப் போடத் தேவையில்லை. நம் சமையலுக்கு இது இன்னும் பொருந்தும். மாங்காய்க்குப் பதிலாக நறுக்கி, உப்பு, மிளகாய்த்தூள், கடுகு, வெந்தயம், கொஞ்சம் வினாகிரி சேர்த்து அச்சாறு போடலாம். சர்க்கரையும் இஞ்சியும் செத்தல் மிளகாயும் போட்டுச் சட்னியாகக் காய்ச்சினால் இடியப்பத்துக்குக்கூடச் சரியாக இருக்கும். "டொல்கோ" காய்தான் இதற்கு முதல் தரம். பட்டாணி அளவுக் காயில் சதையே இல்லை, அதைப் பறவைக்கு விட்டுவிடுங்கள். தெருவோர மரத்தில் பறிப்பதானால் அதில் என்ன தெளித்திருக்கிறார்கள் என்று தெரியாமல் பறிக்காதீர்கள்.

காய் விழுந்து டிரைவே பாழாகிறது, குளவியும் வருகிறது.

பெரிய காய் இனத்தை டிரைவேக்குப் பக்கத்தில் நட்டதன் விளைவு. விழுந்ததை இரண்டு நாளுக்கொருமுறை கூட்டி அள்ளுவதைத் தவிர இனி வழியில்லை. புதிதாக நடுபவர்கள் காய் சிறிதாகவும் கிளையிலேயே தங்குவதாகவும் உள்ள இனத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் காய்கள் பல உறைபனி கண்டு மெத்தென்று ஆன பிறகு, பனிக்காலக் கடைசியில் ரொபின்களும் சீடர் வாக்ஸ்விங் பறவைகளும் கூட்டமாக வந்து ஒரு நாளிலேயே முழு மரத்தையும் துடைத்துவிட்டுப் போகும். கீழே விழ ஒன்றும் மிஞ்சாது.

பின்வளவில் சாப்பாட்டு அப்பிள் மரம் ஒன்று இருக்கிறது. கிராப் அப்பிள் அதற்கு உதவுமா?

உதவும். அப்பிளுக்கு வேறு இனத்து மகரந்தம் தேவை, ஒரே நேரத்தில் பூக்கும் கிராப் அப்பிள் அதைக் கொடுக்கும். அப்பிள் தோட்டங்களில் வரிசைகளுக்கு நடுவே கிராப் அப்பிள் நடுவது இதற்காகத்தான்.

பனிக்காலத்துக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

முயல்தான் முதல் எதிரி. இளமரத்தின் மெல்லிய பட்டையைச் சுற்றிவரத் தின்றுவிட்டால் மரம் அவ்வளவுதான், மே மாதத்தில் துளிர்த்துவிட்டு வாடும். நவம்பரில் 6 மில்லிமீற்றர் கண் கம்பிவலையை அடிமரத்தைச் சுற்றிக் குழாய் போல நிறுத்துங்கள். பட்டையைத் தொடாமல் இடைவெளி இருக்கட்டும். அடிப்பக்கத்தை மண்ணுக்குள் கொஞ்சம் புதைத்தால் வயலெலியும் நுழையாது. உயரம் பனியின் மேல்மட்டத்திலிருந்து 60 சென்ரிமீற்றர் வேண்டும், ஏனென்றால் முயல் உறைபனியின் மேல் நின்றுதான் தின்னும். உப்புப் போட்ட டிரைவேயின் பனியை மரத்தடியில் வாரிக் கொட்டாதீர்கள்.

வாங்கிய வீட்டில் நோய் பிடித்த பழைய கிராப் அப்பிள் நிற்கிறது. தறித்துவிடட்டுமா?

அடிமரம் உறுதியாக, கிளைகள் பெரும்பாலும் உயிரோடு இருந்தால் வைத்துக்கொள்ளச் சொல்வேன். இரண்டு வருடம் இலையை ஒழுங்காக வாரி, உள்கிளைகளை மார்ச்சில் கலைத்துவிட்டுப் பாருங்கள். பெரிய மரத்தின் பூவை எந்தப் புதுக்கன்றும் உடனே ஈடுசெய்யாது. அடிமரத்தில் பொந்து, பிளவு, தீக்கருகல் இறங்கிய கறுப்புப் பள்ளம் என்றால் தறிப்பதே சரி.

ரொறன்ரோவில், நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அடிமரத்தின் விட்டம் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால், உங்கள் சொந்த வளவு மரமானாலும் நகரசபையின் அனுமதி வேண்டும். மற்ற நகரங்களின் விதி வேறுபடும், கேட்டுவிட்டு வேலையாளைக் கூப்பிடுங்கள். புதிய கன்றை அதே குழியில் நடாமல், இரண்டு மூன்று மீற்றர் தள்ளி நடுங்கள். அப்பிள் வகை நின்ற மண்ணில் இன்னொரு அப்பிள் வகை சில வருடங்களுக்குத் திணறித்தான் வளரும்.